கப்பலேறினால் தலைமை வந்துவிடுமா?

2016 டிசம்பரில், அர்ஜென்டினாவின் தென்கோடியில் இருக்கும் உசுவாயா துறைமுகத்திலிருந்து 76 பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் அண்டார்டிகாவுக்குப் புறப்பட்டது. பல நாடுகளையும் பல துறைகளையும் சேர்ந்த அறிவியலாளர்கள் அவர்கள். பனிப்பாளத்தில் துளையிடுவதோ பென்குயின்களைக் கணக்கெடுப்பதோ அந்தப் பயணத்தின் நோக்கம் அல்ல. தலைமைப் பொறுப்புக்குத் தங்களைத் தயார்படுத்திக்கொள்ளவே மூன்று வாரங்கள் அவர்கள் அங்கே சென்றார்கள். 'ஹோம்வர்ட் பவுண்ட்' என்ற ஆஸ்திரேலியத் திட்டத்தின் முதல் பயணம் அது. பத்தாண்டுகளில் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம், மருத்துவம் ஆகிய துறைகளைச் சேர்ந்த 1,000 பெண்களுக்குப் பயிற்சி அளிப்பது என்று இலக்கு வைத்துத் தொடங்கினார்கள்.

இந்தத் திட்டத்துக்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. ஃபேபியன் டாட்னர் என்பவர் ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களுக்குத் தலைமைப் பயிற்சி அளித்து வந்தவர். அவருடைய வகுப்புக்கு வந்த பெண் அறிவியலாளர்கள், அண்டார்டிக் ஆய்வில் மேல் பதவிக்கு வரவேண்டுமானால் தாடி இருக்க வேண்டும் போலிருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். கடல்சார் சூழலியல் ஆய்வாளரான ஜெஸ் மெல்பர்ன்-தாமஸும் டாட்னரும் சேர்ந்து அதை ஒரு திட்டமாக வளர்த்தெடுத்தார்கள். கப்பல் பயணம் என்பது கடைசிக் கட்டம்தான். அதற்கு முன்பு ஏறக்குறைய ஓராண்டுக்கு இணையவழி வகுப்புகள் நடக்கின்றன. தன் சிந்தனைப் போக்கைத் தானே மதிப்பிட்டுக்கொள்ளும் தேர்வுகள், உடன் பணிபுரிபவர்களிடம் கருத்துக் கேட்டல், பொதுவெளியில் பேசப் பழகுதல், பணியில் அடுத்த சில ஆண்டுகளுக்கான திட்டத்தை வகுத்தல் என்று அது நீள்கிறது.

எனக்கு இதில் அக்கறை ஏற்பட்டதற்குக் காரணம் என்னோடு ஆராய்ச்சிப் படிப்பு படித்த ஒரு தோழி. பிற்பாடு நடந்த பயணங்களுள் ஒன்றுக்கு அவர் விண்ணப்பித்துத் தேர்வானார். தேர்வான பிறகுதான் சிக்கல் தொடங்கியது. பங்கேற்பவர்கள் பத்தாயிரம் டாலருக்கு மேல் தம் பங்காகத் திரட்ட வேண்டும். விமானக் கட்டணம் தனி. அவர் வேலை செய்த நிறுவனத்தில் விடுப்புக் கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது. 'இது பயிற்சியா, வெளிநாட்டுச் சுற்றுலாவா என்று தெளிவுபடுத்தவும்' என்ற குறிப்போடு ஒரு முறை திரும்பி வந்தது. 'ஆய்வுத் தாள் எதுவும் வாசிக்காததால் மாநாடாகக் கருத இயலாது' என்ற குறிப்போடு மறுமுறையும் திரும்பியது. கடைசியில் ஈட்டிய விடுப்பில் போகலாம் என்று கையெழுத்தானது. குறிப்பு எழுதியவர்மீது எனக்குப் பெரிய கோபமில்லை. தலைமை என்பதைக் கற்றுக்கொள்ள ஒருவர் கப்பலேறிப் போவார் என்பதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று அரசு விதிப்புத்தகம் எதிலும் இல்லை.

அந்தக் குறிப்பிலிருந்த சந்தேகத்தை அலுவலக மூடத்தனம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. தலைமைப் பயிற்சிக்கு எதற்கு அண்டார்டிகா? பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசுபவர்கள் உலகின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பறந்து, பிறகு டீசல் கப்பலில் ஏறி, உருகிக்கொண்டிருக்கும் பனியைப் பார்க்கப் போவது முறையா என்ற கேள்வியைப் பங்கேற்பாளர்களே எழுப்பியிருக்கிறார்கள். முதல் பயணத்தைப் படமாக்கிய ஆவணப்படமும் கப்பலுக்குள் நடந்த உரசல்களை மறைக்கவில்லை; பயிற்றுநரின் முறைகளை அறிவியலாளர்கள் நேருக்கு நேர் கேள்வி கேட்பது அதில் பதிவாகியிருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வெண்மையாய் விரியும் நிலத்தின் முன்னால் நின்றால் மனம் விரியும் என்ற வாதம் மட்டும் இருந்திருந்தால், நானும் அந்தக் கோப்பில் அதே குறிப்பைத்தான் எழுதியிருப்பேன்.

ஆனால் அண்டார்டிகாவுக்கு வேறொரு தகுதி இருக்கிறது. பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று வெளிப்படையாகவே சொல்லி, நெடுங்காலம் அதை நடைமுறைப்படுத்திய பணியிடம் அது. 1914-இல் துருவப் பயணியான எர்னஸ்ட் ஷாக்கிள்டன் தம் அண்டார்டிகப் பயணத்துக்கு ஆள் சேர்த்தபோது, மூன்று இளம்பெண்கள் சேர்ந்து கடிதம் எழுதினார்கள். எந்தக் கஷ்டத்துக்கும் தயார், பெண்ணுடை இடைஞ்சல் என்றால் ஆணுடை அணிந்துகொள்கிறோம் என்றும் சொன்னார்கள். மகளிருக்கு இடம் காலியில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. 1950-களில் நிரந்தர ஆய்வு நிலையங்கள் எழுந்த பிறகும் நிலைமை மாறவில்லை. சோவியத் ஒன்றியம் 1956-இலேயே மரியா கிளெனோவா என்ற கடல்சார் புவியியலாளரைத் தன் பயணத்தில் சேர்த்துக்கொண்டு அண்டார்டிகாவுக்கு அனுப்பியது. அமெரிக்காவிலோ அங்கே போய்வரும் விமானங்களும் கப்பல்களும் கடற்படையின் கையில் இருந்தன. பனிக்கண்டத்துக்குப் பெண்களை ஏற்றிச்செல்ல மாட்டோம் என்று கடற்படை 1969 வரை பிடிவாதமாக இருந்தது. சொல்லப்பட்ட காரணம் எப்போதும் ஒன்றேதான்: பெண்களுக்கான வசதி அங்கே இல்லை. அந்த வசதி என்பது பெரும்பாலும் தனிக் கழிப்பறை. ஒரு கண்டத்தின் கதவு கழிப்பறைத் தாழ்ப்பாளில் மாட்டிக்கொண்டு நின்றது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கதவு திறந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லோயிஸ் ஜோன்ஸ் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் புவிவேதியியலாளர். அண்டார்டிகாவின் வறண்ட பள்ளத்தாக்குகளைப் பற்றி ஆய்வு செய்தவர். ஆனால் ஆண் ஆய்வாளர்கள் எடுத்துவந்த மாதிரிகளை வைத்துத்தான் செய்ய வேண்டியிருந்தது. தானே போக வேண்டும் என்று அவர் அனுப்பிய திட்டத்துக்கு 1969-இல் ஒப்புதல் கிடைத்தது, குழுவில் அனைவரும் பெண்களாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவர் மூவரைச் சேர்த்துக்கொண்டார்: புவியியல் படித்த ஐலீன் மெக்சேவனி, பூச்சியியலாளர் கே லிண்ட்சே, இளநிலை வேதியியல் மாணவியாக இருந்த டெர்ரி டிக்ஹில். அந்த வறண்ட பள்ளத்தாக்குகளுள் ஒன்றான ரைட் பள்ளத்தாக்கில் கூடாரம் அடித்து, பாறைகளை உடைத்து மூட்டை கட்டித் தங்கள் வேலையைச் செய்தார்கள். அதற்கிடையில் அந்த நவம்பரில் அவர்களைத் தென்துருவத்துக்கு விமானத்தில் அழைத்துப்போனார்கள். நியூசிலாந்து உயிரியலாளர் பாம் யங்கும் பத்திரிகையாளர் ஜீன் பியர்சனும் உடனிருந்தார்கள். துருவத்தில் முதலில் காலடி வைத்த பெண் யார் என்ற கேள்வி எழாதிருக்க, சரக்கு விமானத்தின் பின்புறச் சாய்தளத்தில் ஆறு பேரும் கை கோத்து வரிசையாக நின்று, ஒரே நேரத்தில் பனியில் இறங்கினார்கள். அந்தப் படம்தான் இன்றும் எல்லா இடத்திலும் வருகிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது ரைட் பள்ளத்தாக்குக் கூடாரம். எந்தப் பாறையை எடுப்பது, எப்போது முகாமை மாற்றுவது, உணவு எத்தனை நாள் தாங்கும் என்று தீர்மானிக்கும் பொறுப்பு அங்கே ஒரு பெண்ணின் கையில் இருந்தது.

அமெரிக்கர்களுக்கு ஓராண்டு முன்பே, 1968 நவம்பரில், அர்ஜென்டினா நான்கு பெண் அறிவியலாளர்களை மெல்கியோர் தளத்துக்கு அனுப்பியிருந்தது. அவர்களுள் மூத்தவரான ஐரீன் பெர்னாஸ்கோனிக்கு அப்போது வயது 72. நட்சத்திர மீன் இனங்களைப் பற்றி வாழ்நாளெல்லாம் ஆய்வு செய்தவர். பணி ஓய்வு பெற்று வீட்டில் உட்காரும் வயதில் அண்டார்டிகக் கடலில் வலை வீசப் போனார். மேரி ஆலிஸ் மெக்வின்னியின் கதை வேறு மாதிரி. கிரில் எனப்படும் சிற்றிறாலை ஆராய்ந்த அவர், 1962 முதல் 'எல்டானின்' என்ற ஆய்வுக் கப்பலில் தென்கடலுக்குப் போய்வந்தார். நிலையத்தில் தங்கி ஆய்வு செய்ய மட்டும் அனுமதி இல்லை. 1974-இல்தான் அமெரிக்காவின் மக்மர்டோ நிலையத்தில், நூற்றுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு நடுவே, தலைமை அறிவியலாளராகக் குளிர்காலம் முழுவதும் தங்கினார். அந்த நிலையத்தில் அப்போதிருந்த இன்னொரு பெண் சகோதரி மேரி ஓடில் கஹூன் என்ற கன்னியாஸ்திரீ, அவரும் உயிரியலாளர்.

பிரிட்டனில் ஜேனட் தாம்சன் என்ற புவியியலாளருக்கு 1983 வரை களத்துக்குப் போக வழி கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியா 1989-இல் டயானா பேட்டர்சனை மாசன் நிலையத்தின் தலைவராக்கியது. ஜெர்மனியின் நோய்மயர் நிலையத்தில் 1990-இல் ஒன்பது பெண்கள் மட்டுமே குளிர்காலத்தைக் கழித்தார்கள். மருத்துவர் மோனிகா புஸ்கெப்பலைட் அவர்களுக்குத் தலைவர். வானிலைப் பதிவு, மின்னாக்கி, சமையல், வானொலி எல்லாமே அவர்கள் பொறுப்பு. பிரிட்டிஷ் அண்டார்டிக் ஆய்வமைப்பின் இயக்குநராக 2013-இல் ஜேன் ஃபிரான்சிஸ் வந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்.

இந்தியாவின் கணக்கு இந்த வரிசையில் பின்தங்கியதல்ல. பிரிட்டன் தயங்கிக்கொண்டிருந்த அதே 1983-இல், இந்தியாவின் மூன்றாவது அண்டார்டிகப் பயணத்தில் அதிதி பந்த், சுதீப்தா சென்குப்தா என்ற இருவர் இடம்பெற்றார்கள். அதிதி பந்த் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் புவியியலாளரான சுதீப்தா முறையாக மலையேற்றம் பயின்றவர். ஷிர்மேக்கர் குன்றுகளின் பாறை அமைப்பை வரைபடமாக்கும் வேலைக்கு அந்தப் பயிற்சி கைகொடுத்தது. பிறகு ஒன்பதாவது பயணத்திலும் அவர் போனார். இஸ்ரோவின் மங்களா மணி 2016 நவம்பரில் அண்டார்டிகாவிலுள்ள இந்தியாவின் பாரதி நிலையத்துக்குப் போனபோது அவருக்கு வயது 56. அதுவரை பனிப்பொழிவையே பார்த்திராதவர். துருவத்துக்கு மேலாகச் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொரு சுற்றிலும் துருவப் பகுதியைக் கடந்துதான் ஆக வேண்டும் என்பதால், நம் நாட்டிலுள்ள தரைநிலையத்தைவிட பாரதியில் அவற்றின் தரவுகளை அடிக்கடி இறக்கிக்கொள்ள முடியும். அந்தக் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் 23 பேர் கொண்ட குழுவின் ஒரே பெண்ணாக 403 நாட்கள் இருந்தார்.

இவர்களில் யாரும் தலைமைப் பயிற்சிச் சான்றிதழோடு அங்கே போனவர்கள் அல்ல. இவர்களுக்குக் கிடைத்தது ஒரு கூடாரம், ஒரு ஆய்வுக் கருவி, ஒரு நிலையத்தின் பொறுப்பு, அல்லது ஒரு நிறுவனத்தின் வரவு செலவு. அதைக் கொடுக்கும் அதிகாரம் வேறு யாரிடமோ இருந்தது. அவர்கள் கொடுக்க முடிவெடுத்த நாளில் பெண்களின் திறமை திடீரென்று கூடிவிடவில்லை. ஹோம்வர்ட் பவுண்ட் போன்ற திட்டங்களைப் பற்றி எனக்குள்ள உறுத்தல் இதுதான். மேலே போக முடியாமைக்குக் காரணம் தன்னம்பிக்கைக் குறைவு, தன்னை வெளிக்காட்டிக்கொள்ளாத சுபாவம் என்று எடுத்துக்கொண்டு பெண்ணைத் திருத்தப் புறப்பட்டால், கதவைச் சாத்தி வைத்திருப்பவர் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்.

சாத்திய கதவு பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு ஒரு புள்ளிவிவரம். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை தன் அண்டார்டிகத் திட்டத்தைப் பற்றி ஓர் ஆய்வுக்கு ஏற்பாடு செய்து, அதன் அறிக்கையை 2022-இல் வெளியிட்டது. பதிலளித்த பெண்களில் 59 விழுக்காட்டினர் பனிக்கண்டத்தில் தாங்களே பாலியல் தொல்லைக்கோ தாக்குதலுக்கோ ஆளானதாகச் சொன்னார்கள். புவியியலாளர் ஜேன் வில்லன்ப்ரிங் மாணவியாக 1999-2000 பருவத்தில் தன் ஆய்வு வழிகாட்டியோடு தொலைதூர முகாமில் இருந்தபோது பட்ட அவமானங்களை 2016 வரை முறைப்படி புகார் செய்யவில்லை. பணி நிரந்தரமான பிறகுதான் துணிய முடிந்தது, ஏனென்றால் பரிந்துரைக் கடிதமும் அடுத்த களப்பயண வாய்ப்பும் அந்த மனிதரின் கையில் இருந்தன. பல்கலைக்கழக விசாரணையில் தொல்லை உறுதியானது. அந்த வழிகாட்டியின் பெயரைத் தாங்கியிருந்த பனியாற்றுக்கு 2018-இல் வேறு பெயர் வைத்தார்கள். நாலைந்து பேர் கொண்ட முகாம், வாரக்கணக்கில் வேறு மனிதரே இல்லாத இடம், வெளியே போக ஹெலிகாப்டரைத்தான் நம்ப வேண்டும், அதைக் கூப்பிடும் வானொலியும் முகாம் தலைவரிடமே இருக்கும். இந்த அமைப்பில் பாதிக்கப்பட்டவருக்கு எந்த ஆளுமைப் பயிற்சி உதவும்?

ஹோம்வர்ட் பவுண்டின் முதல் கப்பலில் சென்ற சமூகவியலாளர் மெரிடித் நாஷ் பிற்பாடு இந்தத் திசையில்தான் வேலை செய்தார். களத்தில் மாதவிடாயை மறைத்துச் சமாளிக்கும் பெண்களைப் பற்றி எழுதினார். ஆஸ்திரேலிய அண்டார்டிகத் திட்டத்தின் பணியிடச் சூழலை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். அடுக்கடுக்காக உடுப்பு அணிந்து, கயிற்றால் மற்றவரோடு பிணைக்கப்பட்டுப் பனியாற்றில் நடக்கும்போது ஒதுங்க இடமில்லை. அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வது களத்துக்குப் போகும் பெண்களுக்குத் தெரிந்த கதை. தனித் திரை ஒன்றும், பயன்படுத்தியதைத் திருப்பி எடுத்துவரப் பையும், அதைப் பற்றிக் கூச்சமில்லாமல் முன்கூட்டியே பேசும் முகாம் தலைவரும் போதும். பெரிய செலவு ஒன்றுமில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், என் தோழி போனது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையிலுள்ள டிரேக் நீரிணையைக் கடக்கும் இரண்டு நாட்களும் அவர் படுக்கையைவிட்டு எழவில்லை. மூன்றாம் நாள் கரையிறங்குவதற்கு முன் எல்லாரும் தரையில் உட்கார்ந்து, மேற்சட்டையின் ஒட்டுப்பட்டைகளில் சிக்கியிருந்த புல்விதைகளை ஊசியால் நெம்பி எடுத்தார்களாம். வேற்று நிலத்து விதை ஒன்றுகூட அங்கே போய்விடக்கூடாது. கிருமிநாசினித் தொட்டியில் ரப்பர் காலணியை முக்கிவிட்டுத்தான் படகில் ஏற வேண்டும். கரையில் ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் நிற்கக்கூடாது, பென்குயினுக்கு ஐந்து மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பவை சுற்றுலாக் கப்பல்கள் கடைப்பிடிக்கும் விதிகள். விதைகளை நெம்பிக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரத்தில் பக்கத்தில் இருந்த பொறியாளர் ஒருவர், தன் நிறுவனத்தில் பதவி உயர்வுக் குழு தன்னிடம் கேட்ட கேள்விகளைச் சொன்னாராம். வேறு கண்டம், வேறு துறை, ஆனால் வரி மாறாமல் என் தோழியிடம் கேட்கப்பட்ட அதே கேள்விகள். தன் துறையில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரே பெண்ணாக உட்கார்ந்து பழகியவருக்கு, தன் குறை என்று நினைத்திருந்தது ஒரு நடைமுறை என்று அங்கேதான் விளங்கியது. வகுப்புகளில் கற்றதைவிட அது பெரிது என்கிறார். அந்தக் குழுவில் சிலர் இன்றும் மாதம் ஒருமுறை பேசிக்கொள்கிறார்கள். நேர்காணலுக்கு முன் ஒருவர் விண்ணப்பத்தை மற்றவர் தயவு தாட்சணியம் இல்லாமல் வெட்டித் திருத்துகிறார்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு அவருடைய நிறுவனம் அவருக்குக் கொடுத்த முதல் தலைமைப் பொறுப்பு, மகளிர் தின விழாக் குழுவின் தலைவர் பதவி. கோலப் போட்டிக்குப் பரிசு வாங்குவதிலிருந்து சிறப்பு விருந்தினருக்குச் சால்வை வரை அவர் பொறுப்பு. கோடிக்கணக்கில் நிதி வந்த ஆய்வுத் திட்டத்துக்குப் பொறுப்பாளர் யார் என்ற பேச்சு வந்தபோது பணிமூப்பு பார்க்கப்பட்டது. அவரிடம் இதைப் பற்றிக் கேட்டால், விழா நன்றாக நடந்தது என்று மட்டும் சொல்வார்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பத்தாயிரம் டாலர் என்பது நம் ஊரில் ஒரு முனைவர் பட்ட மாணவிக்கு நினைத்துப் பார்க்க முடியாத தொகை. பொதுமக்களிடம் இணையத்தில் நன்கொடை திரட்டுவது மேலை நாடுகளில் பழக்கமாக இருக்கலாம், இங்கே அதற்கு முகம் கொடுப்பதே பாடு. இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த முயற்சி வேறொன்று. பனியாற்றியலாளர்கள் எரின் பெட்டிட்டும் மிஷேல் கோப்பஸும் 1999-இல் வாஷிங்டன் மாநிலத்தின் சவுத் கேஸ்கேட் பனியாற்றில் தொடங்கிய 'கேர்ள்ஸ் ஆன் ஐஸ்' பள்ளி மாணவிகளுக்கானது. பின்னர் அலாஸ்காவுக்கும் பரவியது. கட்டணம் கிடையாது. சில மாணவிகள், அறிவியலாளர்கள், மலை வழிகாட்டிகள், ஒரு பனியாறு. முதுகில் மூட்டையைச் சுமந்து போய்க் கூடாரம் அடித்து, தாங்களே ஒரு கேள்வியை வகுத்துக்கொண்டு, பனியாறு எவ்வளவு வேகத்தில் உருகுகிறது, ஓடைநீரில் எவ்வளவு வண்டல் கலந்திருக்கிறது என்று அளந்து, திரும்பிவந்து முடிவுகளைச் சொல்ல வேண்டும். தலைமையைப் பற்றித் தனிப்பாடம் நடத்தவே தேவையில்லாதபடி, கயிற்றின் முன்னால் யார் நடப்பது என்பதிலிருந்து எல்லாவற்றையும் அந்தப் பிள்ளைகளே மாறி மாறிச் செய்கிறார்கள். செலவும் கார்பன் உமிழ்வும் அண்டார்டிகப் பயணத்தில் ஒரு சிறு பங்கு. இமயத்தில் நமக்குப் பனியாறுகளுக்குப் பஞ்சமில்லை. அண்டார்டிகா போகும் இந்தியக் குழுவினருக்கு உத்தராகண்டிலுள்ள அவுலியில் இந்திய-திபெத்திய எல்லைக் காவல்படையினர் பனிப்பயிற்சி அளிக்கும் ஏற்பாடும் ஏற்கனவே இருக்கிறது. அந்த ஏற்பாட்டின் ஒரு ஓரத்தில் பத்துக் கல்லூரி மாணவிகளுக்கு இடம் ஒதுக்குவது நடக்காத காரியம் அல்ல.

பெரிய கப்பல் பயணங்களும் நடக்கட்டும். ஆனால் பெண்ணை அனுப்பும் நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்விக்கு எழுத்துமூலம் பதில் வாங்கிக்கொண்டு அனுப்பட்டும்: திரும்பி வந்ததும் இவருக்கு எந்தத் திட்டம், எவ்வளவு நிதி, எத்தனை பேர்? விண்ணப்பதாரரிடம் இத்தனை மதிப்பீட்டுத் தாள்களை நிரப்பச் சொல்பவர்களுக்கு, அனுப்புபவரிடம் அரைப்பக்கம் கேட்பது பெரிய சிரமமில்லை. என் தோழி இப்போது இன்னொரு கோப்பை நகர்த்திக்கொண்டிருக்கிறார். அடுத்த ஆழ்கடல் பயணத்துக்குத் தன்னை முதன்மை அறிவியலாளராக நியமிக்கக் கோரும் கோப்பு. அது இரண்டாவது மேசையில் இருக்கிறது.